ஐந்தரை மாதம் என் கையைத்தான் குறை சொன்னேன்: தட்டைப் பெயோட்டிப் பின்னல் தொடங்குபவர்களுக்கு

இதை எழுதவேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். போன வருஷம் தை மாதம் நான் பாசிமணிப் பின்னல் தொடங்கியபோது திருகோணமலையில் இதைப் பற்றிக் கேட்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. போனில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அதிலும் மணியை எடுங்கள், ஊசியை எடுங்கள் என்று நேரே தொடங்கிவிடுவார்கள், எந்த மணி, எந்த ஊசி, ஏன் அதுதான் வேண்டும் என்று ஒருவரும் நின்று சொல்லவில்லை. ஐந்தரை மாதமும் 30,000 ரூபாவும் போன பிறகுதான் பிழை எங்கே என்று எனக்குப் பிடிபட்டது. அதுவரை இரவிரவாக இருந்து பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னி, எனக்கு இது வராது, என் கை இதற்குச் சரிவராது என்று அழுதிருக்கிறேன். கையில் ஒரு குறையும் இருக்கவில்லை. மணி, ஊசி, நூல் மூன்றும் பிழை.

பெயோட்டி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தறி எதுவும் இல்லாமல், ஒரு ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு, மணிகளை ஒன்றுக்கொன்று அரைப்படி தள்ளி அடுக்கிப் பின்னுவது. சுவரில் செங்கல் வைப்பதைப்போல, ஒரு மணிக்கும் பக்கத்து மணிக்கும் அரை மணி ஏற்றத்தாழ்வு இருக்கும். பின்னி முடிந்தால் துணிபோல மடங்கும், தொட்டால் பாம்புத்தோல் மாதிரி வழுவழு என்று இருக்கும். பெயோட்டி என்பது மெக்சிக்கோ, டெக்சாஸ் பக்கம் வளரும் முள்ளில்லாத சிறு கள்ளி. அந்தக் கள்ளியை வழிபாட்டில் பாவிக்கும் அமெரிக்கப் பழங்குடி மக்கள் தங்கள் சடங்குப் பொருட்களை இந்தப் பின்னலால் அலங்கரித்தார்கள், அதனால் வந்த பெயர். என் அம்மா முதல்முறை கேட்டபோது "பேயோட்டியா? அது ஏன் பிள்ளை உனக்கு?" என்று பயந்துபோய்க் கேட்டா. இப்போதும் எங்கள் வீட்டில் அதற்குப் பேயோட்டி என்றுதான் பெயர்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். தை மாதம் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் அரைக் கிலோ மணி வாங்கினேன். பத்து நிறம், 9,600 ரூபா. பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் 3,000. கடையில் பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது, பைக்கற்றைப் பிரித்துக் கையில் கொட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினால் ஒரு மணி தட்டையாக, அடுத்தது கொழுத்து, சிலது துளையே இல்லாமல், சிலது பாதி உடைந்து விளிம்பு கூராக இருக்கிறது. கழுத்துச் சரம் கோர்ப்பதற்கு இது பெரிய விஷயமில்லை. பெயோட்டிக்கு இதுதான் முழு விஷயமும். ஏனென்றால் ஒவ்வொரு மணியும் பக்கத்து இரண்டு மணிக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்காரவேண்டும். ஒன்று கொழுத்திருந்தால் பள்ளத்துக்குள் இறங்காது, ஒன்று மெலிந்திருந்தால் இடைவெளி விழும், பத்து வரிக்குள் பின்னல் ஒரு பக்கம் வளைந்து வாழையிலை காய்ந்து சுருளுவதுபோல் சுருண்டுவிடும். எனக்கு அப்படித்தான் சுருண்டது. நான் இழுத்த இழுவை சரியில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கினேன், இன்னும் சுருண்டது.

ஆகவே முதல் காசை மணியில் போடுங்கள். தட்டைப் பெயோட்டிக்கு உருளை மணி என்று ஒன்று இருக்கிறது, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சின்னச் சின்னதாக நறுக்கியதுபோல், இரண்டு முனையும் தட்டையாக, சுவர் மெல்லிசாக, துளை பெரிதாக இருக்கும். ஜப்பானில் செய்யும் மியுகி டெலிக்கா அந்த வகை, டோஹோ என்ற இன்னொரு ஜப்பான் கம்பனியிலும் அதே மாதிரி உருளை மணி இருக்கிறது. 11ஆம் நம்பர் வாங்குங்கள். இதில் நம்பர் கூடக்கூட மணி சின்னதாகும், 15 என்பது 11ஐவிடப் பொடி, 8 என்பது பெரிசு. டெலிக்கா 11ஆம் நம்பர் மணியின் குறுக்களவு சுமார் 1.6 மில்லிமீற்றர், நீளம் 1.3 மில்லிமீற்றர். கிராமுக்கு ஏறக்குறைய 200 மணி. இந்தக் கணக்கு தெரிந்தால் எவ்வளவு வாங்குவது என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்: 20 நிரை அகலத்தில், அதாவது பக்கம் பக்கமாக 20 மணி வரும்படி பின்னினால் ஒரு அங்குலம் வரும், 16 சென்ரிமீற்றர் நீளக் காப்புக்கு 2,000 மணி, அதாவது 10 கிராம். நான் அரைக் கிலோ வாங்கினேன். தொடங்குபவருக்கு ஒரு நிறத்தில் 5 கிராம், நாலு நிறம், போதும். கிராம் கணக்கில் பார்த்தால் டெலிக்கா விலைதான், நான் பிறகு 60 கிராம் எடுப்பித்தபோது 14,500 ரூபா ஆனது. ஆனால் அதில் ஒரு மணி வீணாகவில்லை, அரைக் கிலோவில் முக்கால்வாசி இன்றைக்கும் போத்தலில் கிடக்கிறது.

ஊசி அடுத்தது. வீட்டில் இருந்த தையல் ஊசியில் மெல்லியதை எடுத்துத் தொடங்கினேன். முதல்முறை மணிக்குள் போகும். பெயோட்டியில் ஒவ்வொரு மணிக்குள்ளும் நூல் குறைந்தது இரண்டுமுறை போகவேண்டும், ஓரத்திலும் நூல் முடிக்கும் இடத்திலும் மூன்று நாலுமுறை. தையல் ஊசியின் காதுப் பக்கம் புடைத்திருப்பதால் இரண்டாம்முறை இறுகிக்கொள்ளும், பல்லால் கடித்து இழுத்தால் மணி "டிக்" என்று உடையும். அந்தச் சத்தம் வந்தால் அந்த இடம் போச்சு, நடுவில் ஒரு ஓட்டை. மணி ஊசி என்று தனியாக இருக்கிறது, காதும் உடம்பும் கிட்டத்தட்ட ஒரே பருமன், நீளமாக, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 10ஆம் நம்பரில் தொடங்குங்கள், இறுகிய இடங்களுக்கு 12ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் நம்பர் கூடினால் மெல்லிசு. காது மிகச் சின்னது என்பதால் நூலின் நுனியை நகத்தால் நசுக்கித் தட்டையாக்கி, விரல் இடுக்கில் ஒரு பொட்டு மட்டும் தெரியப் பிடித்துக்கொண்டு, ஊசியை நூலுக்குள் கொண்டுபோங்கள். நூலை ஊசிக்குக் கொண்டுபோனால் அரை மணித்தியாலம் போகும். எனக்கு 43 வயது, கண் கூசுவதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் தலையிடியோடு இருந்தேன், பிறகு 1.50 பவரில் வாசிப்புக் கண்ணாடி போட்ட அன்று மணியின் துளை வாய் திறந்து நிற்பதுபோல் தெரிந்தது. நாற்பது தாண்டியவர்கள் ஊசி வாங்குவதற்கு முதல் கண்ணைப் பாருங்கள்.

நூலில்தான் நான் ஆகலும் கஷ்டப்பட்டேன். முதலில் தங்கூசி, மீன்பிடிக்கப் பாவிக்கும் ஒற்றை இழை நைலோன் நூல். கடற்கரை ஊர், வீட்டுக்கு வீடு தங்கூசி இருக்கும், பலமானது, நிறமில்லாதது, வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். தங்கூசி சுருளில் இருந்த வளைவை மறக்காது, இறுக்கி வைத்துவிட்டுத் தூங்கினால் விடிய எழும்பும்போது தளர்ந்து மணிகள் பல் இளித்துக்கொண்டிருக்கும். முடிச்சும் வழுகும். அதை விட்டுவிட்டுத் தையல் நூலுக்கு மாறினேன், அது மென்மையாக இருந்தது, பின்னல் முதல்தடவை தட்டையாகப் படிந்தது, அந்த சந்தோஷத்தில் நான் செய்த பிழையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. தங்கச்சியின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, சாமத்திய வீட்டுக்குச் சிவப்பும் பொன்னிறமுமாக ஒரு காப்புப் பின்னிக் கொடுத்தேன். பத்தொன்பது மணித்தியால வேலை. பிள்ளை அதைக் கழற்றவே இல்லை. மூன்றாம் வாரம் பத்திரகாளி அம்மன் கோவிலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது அறுந்துவிட்டது. கல் தரையில் மணி உருளும் சத்தம், பின்னால் நின்ற சனம் மிதித்துக்கொண்டு போகிறது, அவள் குனிந்து பொறுக்குகிறாள், நானும் பொறுக்குகிறேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, "பரவாயில்லை பெரியம்மா" என்றாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அறுந்த நுனியை வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்டினதுபோல் இல்லை, தேய்ந்து பஞ்சு பஞ்சாக இருந்தது. மலிவு மணியின் துளை விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி, பருத்தி நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்திருக்கிறது, கையின் வியர்வை மீதியைப் பார்த்துக்கொண்டது. அப்புறம் கொளுவி வைத்த இடத்தில் நான் சூப்பர் குளூ வேறு விட்டிருந்தேன். அது நூலை விறைக்க வைத்து, அந்த இடத்தில் முறிய வைக்கும், மணியிலும் வெள்ளை பூத்துவிடும். பெயோட்டிக்கு சூப்பர் குளூவைப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

உலகம் முழுக்க மணி பின்னுபவர்கள் பாவிக்கும் நூல்களில் ஒன்று ஃபயர்லைன், அது முதலில் மீன்பிடிக்க வந்த நூல்தான் என்று தெரிந்த அன்று நான் எழும்பி நின்றுவிட்டேன். மீன்பிடி நூலுக்காகத் திருகோணமலைக்காரி வெளிநாட்டுக்கு ஓர்டர் போடவா? அடுத்த நாள் காலை மீன்பிடிச் சாமான் கடைக்குப் போய், பின்னிய நூல், ஆகலும் மெல்லிசு, 0.15 மில்லிமீற்றர் அளவில் வேண்டும் என்றேன். கடைக்கார அண்ணா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "என்ன மீனுக்குத் தங்கச்சி?" என்று கேட்டார். பாசிமணிக்கு என்று சொல்லி, பையில் இருந்த பின்னலை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்து, நாலைந்து சுருளைத் திறந்து, எது மென்மை எது விறைப்பு என்று தானே தடவித் தெரிந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் உதவி அது. கவனிக்கவேண்டியது: ஒற்றை இழையாக இருப்பது தங்கூசி, அது வேண்டாம், பல இழை சேர்த்துப் பின்னியதைக் கேளுங்கள். பச்சை, கறுப்பு நிறங்களில் சாயம் விரலில் ஒட்டும், வெளிர் மணியை அழுக்காக்கும், ஆகவே பாவிக்க முதல் ஒரு ஈரத்துணிக்குள் வைத்து இரண்டுமுறை இழுத்துத் துடையுங்கள், வெள்ளை கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரணக் கத்தரிக்கோல் இந்த நூலை மென்று தின்னும், மலிவான கத்தரிக்கோல் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நைலோன் நூலில் பின்ன விரும்பினால் நைமோ போன்றவை இருக்கின்றன, அதற்குத் தேன்மெழுகு தடவ வேண்டும். மெழுகுதிரியைத் தேய்த்தேன் நான், அது பொடிப்பொடியாக உதிர்ந்து துளையை அடைத்தது.

இனிப் பின்னல். முதல் மூன்று வரிதான் எல்லோரையும் ஓட வைக்கிறது, அதைத் தாண்டினால் மீதியெல்லாம் ஒரே அசைவு. இரட்டை எண்ணிக்கையில் தொடங்குங்கள், 10 மணி போதும். இரண்டு கை விரித்த நீளத்துக்கு நூல் வெட்டுங்கள், அதைவிட நீளம் வைத்தால் முடிச்சு விழும். நுனியிலிருந்து 15 சென்ரிமீற்றர் விட்டு ஒரு வேற்று நிற மணியைக் கோர்த்து, அதற்குள் இன்னொருமுறை ஊசியை விட்டு இழுங்கள், அது காவல் மணி, மற்றவை வழுகி விழாமல் பிடித்துக்கொள்ளும், கடைசியில் கழற்றிவிடலாம். இப்போது சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று 10 கோருங்கள். பத்தாவது வெள்ளை. இனி ஒரு நீல மணியை ஊசியில் எடுத்து, அந்தப் பத்தாவது வெள்ளையைத் தாண்டி, ஒன்பதாவது சிவப்புக்குள் திரும்பி விடுங்கள். இழுத்தால் நீலம் அந்த வெள்ளையின் தலையில் போய் உட்காரும். அடுத்த நீலம், எட்டாவது வெள்ளையைத் தாண்டி ஏழாவது சிவப்புக்குள். இப்படியே போனால் ஐந்து நீலத்தோடு முதலாவது சிவப்பில் வெளியே வருவீர்கள். அந்த நேரம் அது கையில் மண்புழு மாதிரி முறுகும். பயப்படாமல் மேசையில் வைத்து நகத்தால் நிரவுங்கள், கீழே வெள்ளை, நடுவில் சிவப்பு, மேலே நீலம் என்று பல்லுப் பல்லாகப் பிரிந்து நிற்கும். முதலில் கோர்த்த ஒரு சரம் இரண்டு வரியாகப் பிரிந்ததை நிறமே காட்டிக்கொடுக்கும். மூன்றையும் ஒரே நிறத்தில் தொடங்கி எது எங்கே என்று தெரியாமல் நான் மூன்று நாள் இருந்தேன். இதற்குப் பிறகு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பல்லுக்குள் மட்டும் ஊசி விட்டால் போதும், இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்துக்கு ஒரு மணி.

ஒற்றை எண்ணிக்கை என்றால் ஒரு ஓரத்தில் திரும்ப இடம் இருக்காது, அங்கே எட்டுப் போட்டதுபோல் சுற்றி வரவேண்டும். இது தெரியாமல் நடுவில் பூ வரவேண்டும் என்று 15 நிரையில் தொடங்கி, ஒரு ஓரம் மட்டும் தொளதொள என்று கிடக்க, மூன்று முறை முழுக்க அவிழ்த்தேன். நடுவில் ஒரு பூ நேராக வர ஒற்றை வேண்டும் என்பது உண்மை, ஆனால் அது இரண்டாம் மாதத்து வேலை.

அவிழ்ப்பது பற்றி ஒன்று. வந்த வழியே ஊசியைத் திரும்ப விடாதீர்கள், அது நூலைக் குத்திப் பிளந்து அடுத்த தரம் இறுக்கும்போது அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஊசியைக் கழற்றிவிட்டு, ஊசி நுனியால் நூலை மட்டும் மணிக்கு மணி தூக்கி எடுங்கள். எங்கோ ஒரு மணி கூடிவிட்டது, அவிழ்க்க மனமில்லை என்றால், அந்த மணியின் துளைக்குள் ஒரு தடித்த ஊசியை அழுத்தி உள்ளிருந்து வெடிக்க வையுங்கள், மேலே துணியைப் போட்டு, கண்ணாடியும் போட்டுக்கொண்டு. குறட்டால் வெளியிலிருந்து நசுக்கினால் சில்லு நூலை வெட்டும்.

படம் வரைவதில் எனக்குக் கண் திறந்தது அம்மாவால். கட்டம் போட்ட கொப்பியில் தாமரை வரைந்து பின்னிப் பார்த்தால் தாமரை சரிந்து, இதழ்கள் படிக்கட்டாக நிற்கின்றன. நாலு நாள் எண்ணிப் பார்த்தேன், வரைந்ததில் ஒரு பிழையும் இல்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டு இருந்தவ, பின்னலையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது ஊடுபுள்ளியெல்லோ பிள்ளை, நீ நேர்புள்ளியில கீறி வச்சிருக்கிறாய்" என்றா. கோலம் போடுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தறியில் நெய்யும் மணி வேலை நேர்புள்ளி, கட்டக் கொப்பி அதற்குச் சரி. பெயோட்டி ஊடுபுள்ளி, இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த புள்ளி. ஆகவே செங்கல் அடுக்கு மாதிரிக் கட்டம் போட்ட தாள் வேண்டும், அல்லது புள்ளி வைத்தே வரையலாம். அன்று தொடக்கம் அம்மாவின் பழைய கோலக் கொப்பியில் இருந்துதான் என் வடிவங்கள் வருகின்றன. வரி எண்ணுவதற்கு இடது ஓரத்து மணிகளையும் வலது ஓரத்து மணிகளையும் எண்ணிக் கூட்டுங்கள், 10உம் 10உம் என்றால் 20 வரி.

இனி ஆகலும் வெட்கப்பட்ட பகுதி. சித்திரையில், இன்னும் தையல் நூலில் பின்னிக்கொண்டு இருந்த காலத்திலேயே, உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரர் வந்து போகும் ஒரு கடைக்குப் பன்னிரண்டு காப்புத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். காப்பு 1,800 ரூபா. சீசன் தொடங்கப் போகிறது, விட்டால் போய்விடும் என்ற அவசரம். நிறம் போதாமல் இன்னொரு 6,500 ரூபாவுக்குப் பளபளப்பான மணி எடுத்தேன், ரோசா, ஊதா, பொன். ஆனியில் ஐந்து காப்புத் திரும்பி வந்தது. இரண்டு அறுந்து, மூன்று நிறம் போய். கடலில் குளித்து, வெயிலில் காய்ந்து, சன் கிரீம் பட்டு, ரோசா வெள்ளையாகி, பொன் கழன்று உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. 9,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் கோபிக்கவில்லை, ஆனால் அந்த ஐந்தையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு நீட்டியபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கச்சான் காற்று முகத்தில் அடிக்க, கடற்கரை வீதியால் நடந்தே வந்தேன்.

மணி வாங்கும்போது எந்த நிறத்திலும் நாலு மணியை எடுத்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஒரு இரவு ஊறப்போடுங்கள். நாலு மணியைச் சவர்க்காரத் தண்ணீரில். நாலை யன்னலோரம் ஒரு மாதம் வெயிலில். கண்ணாடியிலேயே நிறம் இருந்தால் ஒன்றும் ஆகாது, மேலே பூசிய சாயம் என்றால் இந்த மூன்றில் ஒன்றில் தெரிந்துவிடும். ரோசாவும் ஊதாவும் சந்தேகத்துக்குரியவை, உலோகப் பூச்சில் தேயாமல் இருக்கத் தனி மேற்பூச்சுப் போட்டவை இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். பின்னிய எதையும் விற்பதற்கு முதல் நீங்களே ஒரு மாதம் கையில் போட்டுப் பாத்திரம் கழுவுங்கள், குளியுங்கள், தூங்குங்கள். விலை வைப்பதற்கும் நேரம் பாருங்கள். இப்போது எனக்கு ஒரு காப்புக்கு எட்டு மணித்தியாலம், அன்றைய 1,800ஐ அதால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 225 ரூபா, அதற்குள் மணிக் காசும் இருக்கிறது. அந்த விலைக்கு நான் இனிப் பின்னமாட்டேன்.

முதல் வேலையாகக் காப்புத் தொடங்காதீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னுங்கள்: 10 நிரை, 12 வரி, வரிக்கு ஐந்து மணியாக மொத்தம் 60 மணிதான். பின்னி முடித்து, முதல் வரியையும் கடைசி வரியையும் கிட்டக் கொண்டுவந்தால் இரண்டின் பற்களும் சிப் பூட்டுவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று விழும், மாறி மாறி ஊசி விட்டு இழுத்தால் ஒரு சின்னக் குழாய் ஆகிவிடும். அதைக் காப்பின் ஒரு முனையில் தைத்து, மறுமுனையில் மணியாலேயே ஒரு வளையம் வைத்தால் அதுவே பூட்டு, இரும்புக் கொளுவி தேவையில்லை, கடல்காற்றில் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. ஒரு பின்னேரத்தில் முடியும். அதிலேயே தொடக்கம், திருப்பம், இறுக்கம், முடிப்பு எல்லாம் கைக்கு வந்துவிடும். முடிக்கும்போது ஓரத்தில் முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள், பின்னலுக்குள்ளேயே குறுக்கும் மறுக்குமாக நாலைந்து திருப்பம் நூலை ஓடவிட்டு, நடுவில் வெட்டுங்கள். புது நூலும் அப்படித்தான், சில வரி கீழே நுழைந்து மேலே வரவேண்டும். மணி கொட்டும் தட்டில் ஒரு வெல்வெட் துண்டு விரியுங்கள், துவாய் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் ஊசி மாட்டும்.

பெறாமகளின் காப்பை ஆடியில் மறுபடி பின்னினேன். அதே சிவப்பும் பொன்னும், டெலிக்காவில், மீன்பிடிக் கடை அண்ணா தெரிந்து தந்த நூலில், அம்மாவின் கொப்பியில் இருந்த சங்குக் கோலம். அன்று கோவிலில் பொறுக்கியதில் உருப்படியாக இருந்த மூன்று மணியைப் பூட்டு வளையத்தின் அடியில் வைத்தேன், கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தன. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் நிலாவெளிக் கடலில் குளிக்கிறாள், கன்னியாவில் வாளி வாளியாக வெந்நீர் அள்ளி ஊற்றுகிறாள், பள்ளிக்கு மட்டும் கழற்றி வைக்கிறாள். போன கிழமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூட்டுப் பக்கம் நூல் ஒரு இடத்தில் லேசாகப் பஞ்சு விட்டிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அதை மட்டும் அவிழ்த்துப் புது நூல் ஓட்டப்போகிறேன், தனக்கும் காட்டித் தரச் சொல்லி அவளும் வருகிறாள்.